சந்தைத் திடலில் ஓர் அறிவியல் முற்றம்

நுழையும்முன்

ஆய்வகத்தில் நிகழ்வது என்ன என்பதை ஆய்வாளர் அறிவர். அதன் பயனையோ பாதிப்பையோ அடைபவர் பொதுமக்கள். இவ்விரு சாராருக்கும் இடையே உள்ள தொலைவு மரபியல் துறையில் பெரிது. அத்தொலைவைக் குறைக்கும் பொருட்டு இங்கிலாந்தின் வடகிழக்கு நகரம் ஒன்று, மரபியல் ஆய்வகத்தையும் மருத்துவப் பிரிவையும் மக்களுக்கான அறிவியல் கூடத்தையும் ஒரே வளாகத்தில் அமைத்தது. அம்மையத்தின் வரலாற்றையும், அங்கு வளர்ந்த ஆய்வுகளையும், அவை எழுப்பிய அறவினாக்களையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு சதுக்கம், பல வாயில்கள்

டைன் ஆற்றின் வடகரையில் அமைந்த நகரம் நியூகாசில். அந்நகரின் மையத் தொடர்வண்டி நிலையத்திலிருந்து சிறிது தொலைவு நடந்தால், கட்டடங்கள் சூழ்ந்த ஒரு திறந்த சதுக்கத்தை அடையலாம். 'டைம்ஸ் சதுக்கம்' என்பது அதன் பெயர். அதனைச் சூழ்ந்த வளாகமே 'சென்டர் ஃபார் லைஃப்' எனப்படும் உயிர்வாழ்வு மையம் ஆகும்.

அச்சதுக்கத்தில் ஒரு காலைப்பொழுதில் மூவகை மனிதர்களைக் காண இயலும். ஆசிரியரைப் பின்தொடர்ந்து அறிவியல் கூடத்துக்குள் நுழையும் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வகையினர். ஆய்வகத்துக்குச் செல்லும் அறிவியலாளர்கள் மற்றொரு வகையினர். குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்காகவோ, குடும்பத்தில் தொடரும் நோய் குறித்த ஆலோசனைக்காகவோ மருத்துவரைக் காணவரும் மக்கள் மூன்றாம் வகையினர். இம்மூவரும் வெவ்வேறு வாயில்களில் நுழைந்தாலும், அவர்கள் கடந்து செல்லும் முற்றம் ஒன்றே. உயிர்களின் மரபுப் பண்புகளை ஆராய்வோரும், அவற்றால் துன்புறுவோரும், அவற்றைக் கற்போரும் ஒரே முற்றத்தில் எதிர்ப்பட வேண்டும் என்பதே இம்மையத்தின் அடிப்படைக் கருத்தாகும்.

மண்ணின் முன்கதை

இம்மையம் எழுந்த நிலத்துக்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவு பழைமையானது. 1753ஆம் ஆண்டு இப்பகுதியில் நியூகாசில் நகரின் பொது மருத்துவமனை திறக்கப்பட்டது. நன்கொடையாளரின் பொருளுதவியால் இயங்கிய அம்மருத்துவமனை, ஏழை நோயாளருக்குச் சிகிச்சை அளித்துவந்தது. அங்கு இறந்தோருள் உறவினரால் எடுத்துச் செல்லப்படாதவர்கள் அதனை அடுத்த இடுகாட்டில் புதைக்கப்பட்டனர். 1906ஆம் ஆண்டு நகரின் வேறொரு பகுதியில் புதிய மருத்துவமனை திறக்கப்பட்டதும் பழைய மருத்துவமனை தன் பணியை நிறைவு செய்தது.

அவ்விடத்தை ஒட்டி நகரின் கால்நடைச் சந்தையும் நெடுங்காலம் நடைபெற்றது. சந்தைக் காப்பாளருக்காக 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜான் டாப்சன் என்னும் கட்டடக்கலைஞர் வடிவமைத்த இல்லம், இன்றும் நவீனக் கட்டடங்களுக்கு நடுவே பாதுகாக்கப்பட்டு நிற்கிறது.

1990களில் புதிய மையத்துக்காக நிலம் தோண்டப்படும் முன்னர்த் தொல்லியலாளர்கள் அங்கு அகழாய்வு மேற்கொண்டனர். பழைய இடுகாட்டிலிருந்து நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. உறுப்பு நீக்கத்துக்காக அறுக்கப்பட்ட எலும்புகளும், உடற்கூறு கற்பதற்காகத் திறக்கப்பட்ட மண்டையோடுகளும் அவற்றுள் இருந்தன. ஏழைகளின் உடல்களைக் கொண்டு மருத்துவம் கற்கப்பட்ட காலத்தை அவ்வெலும்புகள் காட்டின. அக்காலத்தில் அவர்களது ஒப்புதலைக் கேட்கும் வழக்கம் இல்லை. அதே மண்ணில், ஒப்புதலையும் விளக்கத்தையும் முதன்மையாகக் கருதும் மையம் ஒன்று பின்னாளில் எழுந்தது.

மேடையேறிய அறிவியல்

அறிவியலை மக்கள்முன் நிகழ்த்திக் காட்டுவது நியூகாசிலுக்குப் புதிதன்று. 1793இல் அந்நகரில் இலக்கிய மெய்யியல் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. அப்பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்களில் தீப்பற்றும் வளிமங்கள் வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். 1812இல் ஃபெல்லிங் என்னுமிடத்துச் சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் மட்டும் 92 பேர் உயிரிழந்தனர். சுரங்கத்துக்குள் எடுத்துச் செல்லத்தக்க காப்பு விளக்கினை உருவாக்கப் பலர் முயன்றனர். அவர்களுள் ஒருவரான ஜார்ஜ் ஸ்டீவன்சன், 1815இல் தம் விளக்கினை அக்கழகத்தார்முன் ஏற்றிக்காட்டினார். 1879இல் ஜோசப் சுவான் தம் மின்னிழை விளக்கினை அக்கழகத்திலேயே ஒளிரச் செய்தார்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. நிலக்கரியும் கப்பல் கட்டுதலும் நலிவுற்றன. அவற்றை நம்பியிருந்த குடும்பங்கள் வேலையிழந்தன. மண்ணுக்கடியில் இருந்த செல்வம் தீர்ந்த பின்னர், அறிவையே முதலாகக் கொண்ட தொழில்களை நாட வேண்டிய தேவை நகருக்கு ஏற்பட்டது. உயிர்வாழ்வு மையம் தோன்றியதன் பின்னணியில் இத்தேவையும் இருந்தது.

மையம் உருப்பெறுதல்

நியூகாசில் பல்கலைக்கழகத்தின் மரபியல் மருத்துவரான ஜான் பர்ன், இம்மையத்துக்கான கருத்தினை முன்வைத்தவர்களுள் முதன்மையானவர். மரபுவழி நோய் ஒரு தனிமனிதரோடு நிற்பதில்லை. அது ஒரு குடும்பத்தின் செய்தியாகிறது. ஒருவருடைய ஆய்வு முடிவு அவருடைய உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் பற்றிய முடிவாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே மரபியலைப் பொறுத்தவரை, மக்களின் புரிதல் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே அமைகிறது.

புத்தாயிரமாண்டினை முன்னிட்டுத் தேசியக் குலுக்கல் நிதியிலிருந்து பிரித்தானியா பல பொதுப்பணிகளுக்குப் பொருள் வழங்கியது. அவ்வாறு நிதி பெற்ற திட்டங்களுள் இம்மையமும் ஒன்று. டெர்ரி ஃபேரல் என்னும் கட்டடக்கலைஞர் வளாகத்தை வடிவமைத்தார். 2000ஆம் ஆண்டில் மையம் திறக்கப்பட்டது. மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவு நிறைவுற்றதாக உலகுக்கு அறிவிக்கப்பட்டதும் அவ்வாண்டின் ஜூன் மாதத்தில்தான்.

பல்கலைக்கழகத்தின் மனித மரபியல் ஆய்வுப் பிரிவு, அரசு மருத்துவச் சேவையின் மரபியல் பிரிவு, குழந்தைப்பேற்றுச் சிகிச்சை மையம், உயிரித்தொழில்நுட்ப நிறுவனங்கள், கோளரங்குடன் கூடிய அறிவியல் கூடம், பள்ளி மாணவர்க்கான ஆய்வகங்கள் எனப் பல அமைப்புகளுக்கு இவ்வளாகம் இடமளித்தது. அறிவியல் கூடத்தை அறக்கட்டளை ஒன்று நடத்திவருகிறது. தசைச்சிதைவு நோய் குறித்த ஆய்விலும் இவ்வளாகம் பெயர்பெற்றது. அந்நோயர்க்கான மருந்தாய்வுகளைப் பல நாடுகளுக்கிடையே ஒருங்கிணைக்கும் வலையமைப்பு ஒன்று 2007இல் நியூகாசிலிலிருந்து தொடங்கப்பட்டது.

கண்முன் தோன்றும் இழை

மரபுப்பொருள் என்னும் சொல் கேட்பவருக்கு எளிதில் எட்டாத ஒன்றாகத் தோன்றலாம். ஆனால் அதனைக் கண்ணால் காண்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. அறிவியல் கூடங்களிலும் பள்ளிகளிலும் பரவலாகச் செய்யப்படும் எளிய சோதனை ஒன்று இதனைத் தெளிவுபடுத்தும்.

நன்கு பழுத்த வாழைப்பழத்தையோ வெங்காயத்தையோ மசித்து, அதனுடன் உப்பும் பாத்திரம் கழுவும் நீர்மமும் கலந்த நீரைச் சேர்க்க வேண்டும். செல்லின் புறச்சவ்வும் உட்கருவின் சவ்வும் கொழுப்பால் ஆனவை. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் அந்நீர்மம் அச்சவ்வுகளையும் சிதைக்கிறது. அப்போது உள்ளிருக்கும் டி.என்.ஏ. நீரில் கலக்கிறது. டி.என்.ஏ. எதிர்மின்னூட்டம் கொண்டது, எனவே அதன் இழைகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. உப்பிலுள்ள நேர்மின் அயனிகள் அவ்விலக்கத்தைத் தணித்து, இழைகள் நெருங்கிச் சேர வழிசெய்கின்றன. கலவையை வடிகட்டி, மிகக் குளிர்ந்த ஆல்கஹாலை அதன்மேல் மெல்ல ஊற்றினால், நீரில் கரைந்திருந்த டி.என்.ஏ. ஆல்கஹாலில் கரையாமல் வெண்ணிற இழைகளாகத் திரண்டு மேலெழுகிறது. அதனை ஒரு குச்சியால் சுற்றி எடுத்துவிடலாம்.

இச்சோதனை புதிய உண்மை எதனையும் கண்டறிவதில்லை. எனினும், மரபுப்பொருள் என்பது தொட்டறியத்தக்க ஒரு வேதிப்பொருள் என்னும் தெளிவு அதனைச் செய்யும் மாணவருக்குக் கிடைக்கிறது. அத்தெளிவு பிறந்தபின், மரபியல் குறித்த பெரிய வினாக்களை அச்சமின்றி அணுகுவது எளிதாகிறது.

தெரிந்து தெளிவோம்

மனித உடலின் செல் உட்கருவில் ஏறத்தாழ 20,000 புரத மரபணுக்கள் உள்ளன. தாயிடமிருந்து ஒரு தொகுதியும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியும் பெறப்படுகின்றன. ஒரு தொகுதியில் அமைந்த வேதி எழுத்து இணைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 300 கோடி. மைட்டோகாண்டிரியாவில் உள்ள மரபணுக்கள் 37 மட்டுமே, அதன் டி.என்.ஏ.வில் 16,569 இணைகள் உள்ளன.

தாய்வழி வரும் நோய்

உணவிலுள்ள ஆற்றலைச் செல் பயன்படுத்தும் வடிவுக்கு மாற்றும் நுண்ணுறுப்பு மைட்டோகாண்டிரியா ஆகும். உட்கருவுக்கு வெளியே அமைந்திருப்பினும் அது தனக்கெனச் சிறிதளவு டி.என்.ஏ.வைக் கொண்டுள்ளது. கருவுறுதலின்போது விந்தணுவின் மைட்டோகாண்டிரியா நிலைப்பதில்லை. ஆகவே அந்த டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருகிறது. மகன் அதனைப் பெற்றாலும் அடுத்த தலைமுறைக்குக் கடத்துவதில்லை, மகள் கடத்துகிறாள்.

மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ.வில் பிழை நேர்ந்தால், ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படும் மூளை, இதயம், தசை, கண் முதலிய உறுப்புகள் முதலில் பாதிப்படைகின்றன. ஒரு செல்லில் மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ.வின் படிகள் பல உள்ளன. அவற்றுள் பிழையுள்ளவை, பிழையற்றவை ஆகிய இரண்டும் கலந்திருக்கலாம். பிழையுள்ளவற்றின் விகிதம் குறைவாக இருந்தால் தாய் நலமாகவே வாழக்கூடும். ஆனால் அவருடைய கருமுட்டைகளில் அவ்விகிதம் முட்டைக்கு முட்டை மாறுபடும். ஆதலால் முதற்குழந்தை நலத்துடன் பிறக்க, அடுத்த குழந்தை கடுநோயுடன் பிறக்க நேரிடலாம். தம்மிடம் நோயின் அறிகுறியே இல்லாத நிலையில் அடுத்தடுத்துக் குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் உள்ளனர். முற்றிய நிலையில் இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

நியூகாசில் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர் டக் டர்ன்புல், இந்நோயர்க்குப் பல்லாண்டுகள் சிகிச்சை அளித்தவர். மேரி ஹெர்பர்ட் கருவியல் அறிஞர். நோயைக் குணப்படுத்த இயலாதெனினும், அது அடுத்த தலைமுறைக்குச் செல்வதைத் தடுக்க இயலுமா என்னும் வினாவை அவர்களும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தனர்.

உட்கரு இடமாற்றம்

அவர்கள் மேற்கொண்ட முறை 'முன்உட்கரு மாற்றம்' எனப்படுகிறது. முதலில் தாயின் கருமுட்டை, தந்தையின் விந்தணுவுடன் ஆய்வகத்தில் இணைக்கப்படுகிறது. கருவுற்ற சில மணிநேரத்தில் முட்டைக்குள் இரண்டு முன்உட்கருக்கள் தோன்றுகின்றன. ஒன்றில் தாயின் மரபுப்பொருளும் மற்றொன்றில் தந்தையின் மரபுப்பொருளும் இருக்கும். நலமான மைட்டோகாண்டிரியாவைக் கொண்ட மற்றொரு பெண் வழங்கிய கருமுட்டையும் இவ்வாறே கருவுறச் செய்யப்பட்டு, அதன் முன்உட்கருக்கள் அகற்றப்படுகின்றன. பின்னர்ப் பெற்றோரின் முன்உட்கருக்கள் இரண்டும் மிக நுண்ணிய குழாய்வழி எடுக்கப்பட்டு அம்முட்டைக்குள் வைக்கப்படுகின்றன.

இவ்வாறு உருவாகும் கருவின் உட்கரு டி.என்.ஏ. முழுவதும் பெற்றோருடையது. தோற்றம், நிறம், உயரம் முதலிய பண்புகளைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் அதிலேயே உள்ளன. முட்டையை வழங்கியவரிடமிருந்து கிடைப்பது மைட்டோகாண்டிரியாவின் 37 மரபணுக்களே. அதனால், 'மூன்று பெற்றோரின் குழந்தை' எனச் செய்தித்தாள்கள் இட்ட பெயர் விரைவில் பரவினாலும், அது உண்மையின் அளவை மிகைப்படுத்திக் காட்டுவதாகவே அமைந்தது.

இம்முறையை மனிதக் கருவில் செய்ய இயலும் என்பதை நியூகாசில் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இயல்பாக வளர இயலாத கருக்களே அவ்வாய்வில் பயன்படுத்தப்பட்டன. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு, இயல்பாகக் கருவுற்ற முட்டைகளைக் கொண்டு முறையைச் செம்மைப்படுத்தியது. முன்உட்கருவோடு ஒட்டிக்கொண்டு சிறிதளவு பழைய மைட்டோகாண்டிரியாவும் புதிய முட்டைக்குள் சென்றுவிடுவதுண்டு. பெரும்பாலான கருக்களில் அவ்வளவு 2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது. எனினும் அச்சிறிய அளவு பின்னர்ப் பெருகக்கூடும் என்பதையும் அதே ஆய்வு கண்டறிந்து வெளிப்படையாகத் தெரிவித்தது. இம்முறை நோயின் வாய்ப்பைக் குறைக்கிறது; முற்றாக நீக்கும் என உறுதி கூறுவதற்கில்லை.

மக்கள் மன்றத்தின் முன்

செய்ய இயலும் என்பதனாலேயே ஒன்றைச் செய்துவிடலாமா? இவ்வினாவுக்கு ஆய்வகம் மட்டும் விடையளிக்க இயலாது. கருவுறுதல் தொடர்பான ஆய்வுகளை நெறிப்படுத்தப் பிரித்தானியாவில் 1990ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆய்வகத்தில் ஒரு மனிதக் கருவை 14 நாள்களுக்கு மேல் வளர்த்தல் கூடாது என அது விதித்தது. கருவின் மரபுப்பொருளை மாற்றி அதனைத் தாயின் கருப்பையில் வைப்பதற்கும் அச்சட்டத்தில் இடமில்லை. எனவே சட்டத்தைத் திருத்தாமல் புதிய சிகிச்சையை வழங்க இயலவில்லை.

அதற்கு முன்னர்ப் பல படிகள் கடக்கப்பட்டன. முறையின் பாதுகாப்பை வல்லுநர் குழு பலமுறை ஆராய்ந்தது. 2012இல் பொதுமக்களின் கருத்து முறைப்படி கேட்கப்பட்டது. நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் தம் துயரத்தை எடுத்துரைத்தனர். எதிர்க்கருத்துகளும் வலுவாக ஒலித்தன. இந்த மாற்றம் அக்குழந்தையோடு நில்லாமல் பெண்வழித் தலைமுறைகளுக்கும் செல்லும். இனிப் பிறக்கப்போகும் அவர்களின் ஒப்புதலை யார் பெறுவது எனச் சிலர் வினவினர். இன்று நோய்க்காகத் திறக்கும் கதவு, நாளை விரும்பிய பண்புகளைத் தெரிவு செய்வதற்கும் திறக்கப்படலாம் என மற்றும் சிலர் அஞ்சினர். கருவையே ஓர் உயிராகக் கருதும் சமயத்தார், ஒரு கருவைக் காக்க மற்றொரு கருவைப் பயன்படுத்துவதை ஏற்கவில்லை. கருமுட்டை வழங்கும் பெண்களின் உடல்நலம் குறித்தும் வினாக்கள் எழுந்தன.

2015 பிப்ரவரி 3 அன்று நாடாளுமன்றத்தின் மக்களவை இதனை விவாதித்தது. உறுப்பினர்கள் கட்சிக் கட்டளையின்றித் தத்தம் மனச்சான்றின்படி வாக்களித்தனர். ஆதரவாக 382 வாக்குகளும் எதிராக 128 வாக்குகளும் பதிவாயின. அதே மாதத்தில் மேலவையும் ஒப்புதல் அளித்தது. இச்சிகிச்சைக்குத் தனிச் சட்டவிதிகள் வகுத்த முதல் நாடு பிரித்தானியா ஆயிற்று. எனினும் விதி வந்தவுடன் வழி முழுவதும் திறந்துவிடவில்லை. 2017இல்தான் நியூகாசில் சிகிச்சை மையத்துக்கு உரிமம் கிடைத்தது. அதன் பின்னரும் ஒவ்வொரு பெண்ணின் நிலையும் தனித்தனியே ஆராயப்பட்டே ஒப்புதல் வழங்கப்படுகிறது.

2025 ஜூலை மாதத்தில் முடிவுகள் வெளியிடப்பட்டன. 22 பெண்கள் இம்முறையில் சிகிச்சை பெற்றிருந்தனர். அவர்களுள் ஏழு தாய்மாருக்கு எட்டுக் குழந்தைகள் பிறந்திருந்தன. நான்கு பெண், நான்கு ஆண். அவர்களுள் இருவர் ஒத்த இரட்டையர். பிறந்தபோது குழந்தைகளின் இரத்தத்தில் பிழையுள்ள மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ.வின் அளவு, கண்டறிய இயலாத நிலையிலிருந்து 16 விழுக்காடு வரை இருந்தது. பொதுவாக நோயுண்டாக்கும் அளவு இதனினும் மிக உயர்ந்தது. குழந்தைகள் இயல்பான வளர்ச்சியைக் காட்டினர். ஆயினும் எட்டுக் குழந்தைகளின் இளம்பருவத்தைக் கொண்டு இறுதி முடிவு கூற இயலாது என்பதால், அவர்கள் தொடர்ந்து கண்காணிக்கப்படுகின்றனர்.

திசைமாறிய ஒரு தேடல்

எல்லா முயற்சிகளும் இவ்வாறு கனிவதில்லை. 2004 ஆகஸ்டில், மருத்துவ நோக்கிலான நகலாக்க ஆய்வுக்குப் பிரித்தானியாவின் முதல் உரிமம் நியூகாசில் குழுவுக்கு வழங்கப்பட்டது. நோயாளியின் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய கருமுட்டைக்குள் வைத்து, அவருக்கே பொருந்தும் குருத்தணுக்களைப் பெறுவது அதன் நோக்கம். நகலாக்கத்தின் வழியே மனிதக் குழந்தையை உருவாக்குவது 2001ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருந்தது. எனினும் 'நகலாக்கம்' என்னும் சொல் உலகெங்கும் அச்சத்தை எழுப்பியது.

2005இல் அக்குழுவினர் உட்கரு மாற்றத்தின் வழியே தொடக்கநிலை மனிதக் கரு ஒன்றை உருவாக்கியதாக அறிவித்தனர். ஆனால் அதிலிருந்து குருத்தணுக்கள் பெறப்படவில்லை. அடுத்த ஆண்டில் ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாகா, எலியின் முதிர்ந்த செல்களையே குருத்தணு போன்ற நிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2007இல் மனிதச் செல்களிலும் அது நிகழ்த்தப்பட்டது. கருமுட்டையே தேவைப்படாத அவ்வழி, பழைய வழியின் தேவையைப் பெரிதும் குறைத்தது. மக்கள் மன்றத்தில் கடுமையாக விவாதிக்கப்பட்ட வழியொன்று, வேறொரு கண்டுபிடிப்பால் பின்தள்ளப்பட்டது. அறிவியலைக் கற்போர் வெற்றிகளோடு இத்தகைய திருப்பங்களையும் அறிதல் வேண்டும்.

ஒரு பழைய மாத்திரையின் புதிய பயன்

மரபியல் ஆய்வின் பயன் எப்போதும் புதுமையான கருவிகளில் மட்டும் வெளிப்படுவதில்லை. 'லிஞ்ச் நோய்க்குறித்தொகுதி' என்பது மரபுவழி வரும் ஒரு நிலை. செல் பகுப்பின்போது டி.என்.ஏ. படியெடுக்கப்படுகையில் நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் உடலில் உள்ளன. அவற்றுள் ஒன்று பழுதுற்றவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுதி. பழுதுற்ற மரபணுவை ஒவ்வொரு பிள்ளையும் பெறுவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று.

ஜான் பர்ன் தலைமையிலான குழு, இந்நிலை உடைய 861 பேரைப் பல நாடுகளிலிருந்து ஆய்வில் சேர்த்தது. ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரினும், மற்றொரு பிரிவினருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் ஏறத்தாழ இரண்டாண்டுகள் வழங்கப்பட்டன. தொடக்கத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆய்வாளர்கள் பொறுமையுடன் காத்திருந்தனர். 2011இல் வெளியான முடிவு, ஆஸ்பிரின் பெற்றோரிடையே புற்றுநோய் குறைந்திருப்பதைக் காட்டியது. 2020இல் வெளியான நீண்டகால முடிவின்படி, ஆஸ்பிரின் பெற்ற 427 பேரில் 40 பேருக்கும், போலி மாத்திரை பெற்ற 434 பேரில் 58 பேருக்கும் பெருங்குடல் புற்றுநோய் தோன்றியிருந்தது. அதாவது 9 விழுக்காட்டுக்கும் 13 விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாடு. இந்நிலை உடையோருக்கு மட்டும் பொருந்தும் இம்முடிவை, மருத்துவர் அறிவுரையின்றி எவரும் தமக்குப் பொருத்திக்கொள்ளுதல் ஆகாது. ஆஸ்பிரின் வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடியது.

தம் குடும்பத்தில் இந்நிலை உண்டு என்பதை அறிந்தவருக்கே இச்சிகிச்சை பயன்படும். குடும்பத்தில் பலர் இளவயதில் புற்றுநோயால் மறைந்ததை 'விதி' எனக் கருதி வாளாவிருப்பவர் மருத்துவரை நாடார். அது மரபுவழி வரும் நிலையாகலாம் என்று அறிந்தவரே கேட்பார், சோதிப்பார், காத்துக்கொள்வார். மரபியல் கல்வி மக்களின் உயிரோடு தொடர்புடையது என்பதற்கு இதுவே சான்று.

முற்றத்தின் பயன்

இத்தகைய மையத்தைப் பற்றி ஓர் ஐயமும் எழக்கூடும். ஆய்வுக்கு மக்களின் ஒப்புதலைத் திரட்டுவதற்கான விளம்பரக் கூடமாக அறிவியல் கூடம் மாறிவிடாதா என்பதே அது. இவ்வையம் நியாயமானது. மக்களுக்கு அறிவியலை விளக்குவது வேறு. அவர்களை இணங்கச் செய்வது வேறு. விளக்கம் பெற்றவர் உடன்படவும் கூடும். முன்னைவிடத் தெளிவான காரணங்களோடு மறுக்கவும் கூடும். இரண்டுக்கும் இடமளிப்பதே உண்மையான அறிவியல் கல்வி. நாடாளுமன்றத்தில் எதிராக வாக்களித்த 128 பேரும் அவ்விவாதத்தின் ஒரு பகுதியினரே. எதிர்க்கருத்தாளர் எழுப்பிய வினாக்கள், தனித்தனி ஒப்புதல், நீண்டகாலக் கண்காணிப்பு போன்ற கட்டுப்பாடுகளின் தேவையைத் தெளிவாக்கின.

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் இம்மையம் வேறொரு பணியையும் ஏற்றது. 2021 ஜனவரியில் இங்கிலாந்தில் முதன்முதலாகத் திறக்கப்பட்ட ஏழு பெருந்திரள் தடுப்பூசி மையங்களுள் இதுவும் ஒன்று. பள்ளிப் பிள்ளைகள் வந்துசென்ற வளாகத்துக்கு அவர்களுடைய தாத்தா பாட்டியர் தடுப்பூசிக்காக வந்தனர்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அந்நிலத்தில் இறந்த ஏழை நோயாளரின் உடலிலிருந்து மருத்துவர்கள் கற்றனர். அந்நோயாளரிடம் எவரும் எதனையும் விளக்கவில்லை. இன்று அதே நிலத்தில், ஒரு தாய் தம் கருமுட்டைக்கு என்ன நிகழப்போகிறது என்பதைக் கேட்டறிந்து, எண்ணிப் பார்த்து, உடன்படவோ மறுக்கவோ செய்கிறார். அறிவியல் வளர்ச்சி என்பது இம்மாற்றத்தையும் உள்ளடக்கியதே. நாளைய மரபியல் இன்னும் பல வினாக்களைக் கொண்டுவரும். அவற்றுக்கு விடைகூற வேண்டியவர்கள் இன்று வகுப்பறையில் வாழைப்பழத்திலிருந்து வெண்ணிற இழையைப் பிரித்தெடுக்கும் மாணவர்களே.